பிழை விவரம்

திண்டிவனம் கல்யாணத் தரகர் மாயவனுக்காக இளவழகன் ஜாவா கணினி மொழியில் வரன் பார்க்கும் இணையதளம் செய்திருந்தான். அதில் என்ன பிழை வந்தாலும் திரையில் ‘மன்னிக்கவும்’ என்று மட்டும்தான் வரும். அந்தத் தைரியத்தில் நிரலுக்குள் ஒரு ரகசியத்தை ஒளித்து வைத்திருந்தான்.

சோதித்துப் பார்க்க விழுப்புரம் ஆபீசுக்கு வந்த தரகர், "எம் பொண்ணு பேரையே போடறேன் தம்பி" என்றார்.

இளவழகனுக்கு வியர்த்தது. பொண்ணு பவானி அவனோடு வேலை பார்ப்பவள். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ‘மன்னிக்கவும்தானே வரும்’ என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

தரகர் பொத்தானை அழுத்தினார்.

‘பிழை: பவானிக்கு வரன் தேட வேண்டாம். நான் இருக்கிறேன். இப்படிக்கு, இளவழகன்.’

"இன்னா தம்பி இது?"

"ஐயோ, விவரம் வெளிய தெரியாதே சார்!"

"நான்தான் நேத்து பிழைப் பக்கத்துல, ஜாவாவோட எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ்ல ஒரு வரி சேர்த்தேன். இனிமே முழு விவரமும் தெரியும்" என்றாள் பவானி.

"ஏங்க?"

"போன வாரமே உங்க ப்ரோகிராமைப் படிச்சிட்டேன். நீங்களா வாயத் தொறக்கற ஆளாத் தெரியல."

தரகர் மகளை முறைத்தார். "அதுக்குத்தான் ‘எம் பேரையே போட்டுப் பாருப்பா’ன்னு பஸ்ஸு பூரா பேஜாரு பண்ணிக்கினு வந்தியா?"