குண்டு மட்டை

"இவருக்கு அது ஆகாதுங்க. அந்தக் குண்டு மட்டைய எடுத்துக் குடுங்க."

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் சம்பந்தி. ஷூ பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டைக்கு டிரைவர் என்று பெயர். என் கையில் இருந்தது ஒல்லியான கறுப்பு டிரைவர்.

"நீங்க வெச்சிருக்கிறதும் இதுதானே சம்பந்தி?"

"நான் வெச்சிருந்தா? என் ஹேண்டிகேப் ஒன்பது. உங்களுது முப்பத்தாறு."

தேர்ந்த ஆட்டக்காரர் ஆட்டத்தை முடிக்க அடிப்பதைவிட நான் முப்பத்தாறு அடி கூடுதலாக அடிப்பேன் என்று அர்த்தம். உண்மைதான். அதற்காகக் கடையில் வைத்தா சொல்வது? பெண்ணைக் கொடுத்தவன் என்றால் எதையும் சொல்லலாம் என்ற நினைப்பு.

கடைக்காரர் நல்ல மனிதர். கறுப்பு மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடர் அடித்து, வலைக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

"பத்துப் பந்து அடிங்க சார். பட்ட இடத்துல பவுடர் அழிஞ்சு தடம் தெரியும்."

அடித்தேன். ஒரு தடம்கூட நடுவில் இல்லை.

"அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றார் சம்பந்தி.

அடுத்து குண்டு மட்டை. தலை மட்டும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. இதிலும் தடங்கள் சிதறித்தான் கிடந்தன. ஆனால் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் திரையில் பந்து போன கோடு ஏறக்குறைய நேராகவே இருந்தது.

"இது நம்ம தப்பைப் பொறுத்துக்கிற மட்டை சார். நடுவுல படலேன்னாலும் கோவிச்சுக்காது."

"கட்டிக் குடுங்க" என்றார் சம்பந்தி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன்.

"உன் மாமனார் இன்னிக்கு என் மானத்தை வாங்கிட்டாரும்மா. இனிமே நான் செவ்வாய்க்கிழமை விளையாடப் போகல."

"போகாம? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்களா? அம்மா போனதுக்கப்புறம் நீங்க நாலு வார்த்தை பேசுறதே அந்த ஒரு நாள்தான்ப்பா."

"அந்த மட்டைய எடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். போங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. என்னோடு ஆடும் சம்பந்தி, பல் டாக்டர், கணக்கு வாத்தியார் மூவரையும் விட்டால், லிஃப்டில் பார்க்கிறவர்களுக்கு வணக்கம் சொல்வதோடு என் வாரம் முடிந்துவிடும். யாராவது ஒருவர் சிரித்தாலும் அதுவே கடைசி நாள் என்று முடிவு செய்துகொண்டு போனேன். மட்டையை உறையோடு பையில் செருகியிருந்தேன்.

முதலில் சம்பந்தி ஆடினார். உறையைக் கழற்றினார். உள்ளே அதே குண்டு மட்டை.

"என்ன சார் இது? பேரப்பிள்ளையோடதைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"பந்தை அடிக்கவா, நசுக்கவா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"தோள் வலிய்யா. பழசைச் சுழற்ற முடியல."

அடித்தார். பந்து வானத்தில் ஏறி, இடதுபக்கம் வளைந்து, மரங்களுக்குள் போய் விழுந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என் முறை வந்தபோது அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள்.

"ஓ, உங்களுதும் அதேவா?" என்றார் டாக்டர். அதோடு சரி.

அடித்தேன். மட்டையின் ஓரத்தில்தான் பட்டது. பந்து புல்வெளியின் நடுவே நேராக ஓடியது.

"அடடே!" என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட நானாக விட்டதில்லை. காய்ச்சலில் படுத்தபோது மூன்று பேரும் மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் ஹேண்டிகேப் இருபத்து நாலுக்கு இறங்கியது. அந்த மட்டைக்கு மனதுக்குள் நன்றி சொல்லாமல் நான் ஒரு நாளும் உறை போட்டதில்லை.

சம்பந்தியின் ஹேண்டிகேப் பதினைந்துக்கு ஏறியது. மைதானத்துப் பரிசுப் பலகையில் வருடா வருடம் இருந்த அவர் பெயர், பிறகு வரவே இல்லை. ஒரு நாள் அவரை ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

அன்றைக்கே மகளிடம் பீற்றிக்கொண்டேன். "உன் மாமனாருக்கு வயசாயிடுச்சும்மா. இப்பல்லாம் நான்தான் நேரா அடிக்கிறேன்."

மட்டையின் கைப்பிடி ரப்பர் தேய்ந்துபோனதால் திரும்ப அந்தக் கடைக்குப் போனேன். ரப்பரை உரித்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"உங்க சம்பந்தியோடதும் தேஞ்சிருக்குமே சார்?"

"ஆமா. பாவம், தோள் வலின்னு இதுக்கு மாறினவரு, அப்புறம் மாத்தவே இல்ல."

"தோள் வலியா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல அவர் மட்டும் திரும்பி வந்து, அதே மாதிரி இன்னொண்ணு கேட்டாரு. 'உங்க வேகத்துக்கு இது தாங்காது சார், ஆட்டமே கெட்டுடும்'னு எவ்வளவோ சொன்னேன். 'எங்க சம்பந்தி விளையாட வர்றதை விட்டுடக் கூடாதுங்க. செவ்வாய்க்கிழமை நான் முதல்ல இதை எடுத்துடறேன், சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சு முடிச்சிடட்டும்'னு வாங்கிட்டுப் போனாரு."