புது வண்டி

கரும்புக் கொல்லை வரப்பில் கத்தியோடு காத்திருந்த பெண்களிடம் ஆயம்மாள் பெருமையாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்கு டிரைவர் வேல கெடச்சிருச்சி. கவர்மெண்டு மானியத்துல வாங்கின புது வண்டியாம்."

"ரெண்டு வருசமா சும்மா குந்திக்கினு இருந்த மனுசன்! இனிமே நீ எங்கடி வெட்ட வரப்போற?" என்று சிரித்தாள் கொளஞ்சியம்மாள்.

"வராம? ரெண்டு பேரும் சம்பாரிச்சாதான் புள்ளைங்க படிப்பு ஓடும்."

மணலூர்பேட்டைச் சாலையிலிருந்து கரும்பு வெட்டும் இயந்திரம் இரைச்சலோடு கொல்லைக்குள் திரும்பியது.

"எல்லாரும் வூட்டுக்குப் போங்க. இனிமே மிஷினே வெட்டிடும்" என்றார் கொல்லைக்காரர். "மொத வெட்டு, யாராச்சும் கற்பூரம் ஏத்துங்க."

ஓட்டுநர் இருக்கையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான் ஆயம்மாளின் புருஷன்.

"நீயே ஏத்துடி. உங்க வூட்டு வேலதான?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஆயம்மாள் கத்தியை வரப்பில் போட்டுவிட்டுத் தீப்பெட்டியை வாங்கினாள்.