இருபத்தேழாம் எண்

சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் தோளில் வழிகாட்டி ஜெரால்டு எண் சீட்டை ஒட்டிக்கொண்டே வந்தான். பினாங்கிலிருந்து வந்திருந்த தவமணி கடைசியாக இறங்கினாள். அவளுக்கு இருபத்தேழு.

"எனக்கு இது வேணாம் தம்பி. எங்க பூட்டனுக்கு இதே துறைமுகத்துலதான் கழுத்துல நம்பர் தகடு மாட்டி, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேத்துனாங்க."

"ஒட்டலேன்னா எண்ணிக்கையில வரமாட்டீங்கம்மா. கப்பல் உங்கள விட்டுட்டுப் போயிரும்" என்று அவன் ஒட்டிவிட்டு நகர்ந்தான்.

கோட்டையையும் கல்லறைகளையும் பார்த்து முடித்து, கடைசியாக ஒரு வெள்ளைக்கார கவர்னரின் சிலைக்கு வந்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இங்கே தொடங்கிவைத்தவர் இவர்தான் என்று ஜெரால்டு பெருமையாகச் சொன்னான். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தவமணி செருப்பைக் கழற்றாமல் பீடத்தில் ஏறினாள். தோளிலிருந்த எண்ணை உரித்து, அவருடைய பதக்கங்களின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

கப்பல் சங்கு ஊதியது. எண்ணிக்கொண்டே வந்த ஜெரால்டு இருபத்தாறில் நின்றான்.

"உங்க நம்பர் எங்கம்மா?"

"அந்தா நிக்கிறாரு பாரு. அவரக் கூட்டிட்டுப் போயி ஏத்து."

சங்கு மறுபடி ஊதியது. இந்த ஊரில் பூட்டன் இருந்த தெரு எதுவென்று தவமணிக்குத் தெரியாது. எதிரே தெரிந்த முதல் தெருவுக்குள் நடந்தாள்.