அழுக்கு வளையம்

“அடியே, நல்லா ஏமாந்துட்டு வந்திருக்க! பழசைத் தலையில கட்டிட்டான்டி!”

பக்கத்து வீட்டு இருளாயி அக்கா போட்ட சத்தத்தில் தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

துஷ்யந்தி மறுபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில்தான் பலாங்கொடை டவுனுக்கு இறங்கி, இக்ராம் நானாவின் வளர்ப்பு மீன் கடையில், தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் புத்தம்புது கெனிஸ்டர் ஃபில்டர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். பெட்டிப் படத்தில், உள்ளே போடும் பீங்கான் வளையங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மூடியைத் திறந்தால் எல்லாம் பழுப்பு. தொட்டால் வழவழவென்று பாசி. சேற்று வாடை வேறு.

“டெஸ்ட் பண்ணித் தாறேன்னு பெட்டியை உள்ளுக்கு எடுத்துப் போனாரு அக்கா.”

“அங்கதான் மாத்தியிருக்கான்!”

“வீட்டுல கழுவவே வேணாம்னும் சொன்னாரு.”

“பின்ன சொல்லமாட்டானா? கழுவினா குட்டு வெளிப்பட்டுருமே!”

துஷ்யந்திக்கு அழுகை வந்தது. கத்தாரில் இருக்கும் புருஷன் கஜேந்திரன் இரண்டு வருஷம் கழித்து, இந்தத் தீபாவளிக்கு வருகிறான். வீடியோ காலில் முதலில் தொட்டியில் இருக்கும் தன் எட்டு ஏஞ்சல் மீனையும் எண்ணிக் காட்டச் சொல்வான். பெண்டாட்டி முகம் அதற்கப்புறம்தான்.

அவன் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், சட்டிபானையெல்லாம் தேய்த்தாள். அதே வேகத்தில் மீன் தொட்டியையும் காலி செய்து, கல், மணல், பழைய ஃபில்டரின் ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, நாலு தண்ணி விட்டு அலசினாள். அன்று பின்னேரம் விழுந்த இடியில் பழைய ஃபில்டரும் கருகிப் போனது. மூன்று நாளாக மீன்கள் பேசனில் கிடந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கஜேந்திரனுக்கு இது எதுவும் தெரியாது.

இதையெல்லாம் இக்ராமிடமும் சொல்லித்தான் வாங்கினாள். கடை வாசலிலேயே ஐந்தடித் தொட்டி நிறையக் கலர் கலராக மீன் விட்டிருந்த மனுஷன். நம்பாமல் என்ன செய்வது?

“தொட்டி எத்தன அடி, தங்கச்சி?”

“மூணு அடி நானா. செடி நிறைய இருக்குங்க.”

“கீழ வைக்க இடம் இரிக்கா?”

“மேசைக்கு அடியில இருக்குங்க.”

“அப்ப இது போதும். செடிக்குத் தண்ணி மெதுவா ஓடினா நல்லம்.”

சோப்புத்தூள் கதையைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது.

“ஸ்பொஞ்சையுமா கழுவினீங்க? தங்கச்சி, புது வளையத்தில...”

“விளக்கமெல்லாம் வேணாங்க நானா, தோட்டத்து பஸ் போயிடும்.”

“ஹரி ஹரி, சரி. கொஞ்சம் நில்லுங்க, டெஸ்ட் பண்ணித் தாறேன்,” என்று பெட்டியோடு உள்ளே போனவர், திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. ஃபில்டருக்குள் தண்ணீர் வேறு தளும்பியது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்!

உடனே போய்ச் சண்டை போடலாம் என்றால், பேசனில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. வேறு வழியில்லை. சாட்சிக்கு ஒரு வளையத்தை மட்டும் எடுத்துப் பையில் வைத்துவிட்டு மூடியைப் பூட்டினாள். மணலைப் பரப்பிச் செடிகளை நட்டு, தண்ணீரை நிரப்பினாள். இரண்டு குழாயையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டு, மீன்களை ஒவ்வொன்றாக விட்டாள்.

ஒரு வாரம் போனது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எட்டு மீனும் செடிகளுக்குள் ஓடிப் பிடித்து விளையாடின.

“பொழைச்சது மாரியாத்தா புண்ணியம். அவன் ஏமாத்தினது ஏமாத்தினதுதான். விடாத!” என்றாள் இருளாயி அக்கா.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே இறங்கினாள் துஷ்யந்தி.

இக்ராம் வாசல் தொட்டியின் முன்னால் குந்தி, அதன் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வளையத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுதான் உங்க ஊர்ல புதுசாங்க?”

“அல்லாவே, இதக் காயவிட்டுட்டீங்களே! மத்ததெல்லாம் தண்ணியிலதானே இரிக்கி? மீனு எப்பிடி?”

“எட்டும் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. என் புது வளையம் எங்க?”

எட்டும் இருக்கிறது என்ற பிறகு அவர் காதில் வேறெதுவும் விழவில்லை போல. முகமெல்லாம் சிரிப்பு.

“தண்ணியச் சுத்தம் பண்ணுறது வளையமில்ல, தங்கச்சி. அதுக்குள்ள குடியிரிக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க. புதுசில அதுகள் வளர ஒரு மாசம் போகும். உங்கட தொட்டியில இருந்ததையெல்லாம் சோப்பு போட்டுக் கொன்னுட்டீங்க. வெறும் புதுசை மாட்டியிருந்தா எட்டும் போயிரிக்கும்.”

“அப்ப... இந்த அழுக்கு வளையம் ஏதுங்க?”

இக்ராம், கழுவிக்கொண்டிருந்த ஃபில்டரின் மூடியைத் தேடினார்.

துஷ்யந்தி குனிந்து பார்த்தாள். வாசல் தொட்டிக்கு அடியில், திறந்திருந்த அந்த ஃபில்டருக்குள் வளையங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பெட்டிப் படத்தில் இருந்த அதே வளையங்கள். நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். பால் கலந்த மாதிரித் தண்ணீர். உள்ளே செடிகள் மட்டும்தான்.

“இதுல இருந்த மீனெல்லாம்... வித்துடுச்சா நானா?”

“விக்கல, தங்கச்சி,” என்றார் இக்ராம், மூடியைப் பூட்டிக்கொண்டே. “எனக்கு வேற மீனு வரும். உங்கட மனுசன் வந்து எண்ணப் போறது அந்த எட்டையும்தானே?”