ஒரே ஒரு பாடம்

மற்ற பாடங்களில் எல்லாம் தொண்ணூறைத் தாண்டிய மகள், ஒரே ஒரு பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். பதறிப்போன அம்மா, அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.

"வீட்ல நல்லாதான் பண்றா, மிஸ். பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன்."

"பரீட்சைன்னு வந்தா கை நடுங்குதே. போன தடவை பாதியிலயே அழுதுட்டா," என்றார் ஆசிரியை. "டியூஷன் வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டு இடத்துல. ஒருத்தர் ரொம்பக் கண்டிப்பு. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி உக்கார வைக்கறேன். சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அப்பவும் வரமாட்டேங்குது."

மகள் நகத்தைக் கடித்தாள். "இந்தப் பாடம் மட்டும் வேணாம்மா. அதுக்குப் பதிலா கணக்குப் பரீட்சைய ரெண்டு தடவை எழுதறேன்."

"வாய மூடு. எதிர் வீட்டுப் பொண்ணு இதுல நூத்துக்கு நூறு."

ஆசிரியைக்கே பாவமாகிவிட்டது. "சரி, இப்பவே மறுதேர்வு வைக்கறேன். உக்காரும்மா. கண்ண மூடிக்கோ. மூச்ச மெதுவா இழுத்து விடு. எதைப் பத்தியும் கவலைப்படாத. இதுலயும் போச்சுன்னா அடுத்த வகுப்புக்குப் போக முடியாது."

தேர்வு பயத்தில் பிள்ளைகள் வாடுகிறார்கள் என்று அந்த ஆண்டு பள்ளி புதிதாகச் சேர்த்திருந்த பாடம் அது. பெயர், 'மன அமைதி'.

மகள் கண்ணை மூடினாள். நடுங்கிய விரல்கள் மெல்ல ஓய்ந்தன. தலை மேசையில் சாய்ந்தது. பல நாள் தூக்கம் அவளை அப்படியே அள்ளிக்கொண்டது.

"பாஸா மிஸ்?" என்று அம்மா ஆவலாகக் கேட்டாள்.

ஆசிரியை பெருமூச்சுடன் பேனாவை மூடினார்.

"பரீட்சையில தூங்கினா ஆப்சென்ட்தாங்க."