குழலுக்குள் குடியிருந்த குளவி

பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்றின் குழலுக்குள் ஒரு குளவி மண்கூடு கட்டிக் குடியிருந்தது. சிப்பாய்கள் தினமும் துப்பாக்கியின் வெளிப்புறத்தை எண்ணெய் போட்டு முகம் தெரியத் தேய்ப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர் கிடையாது.

ஒருநாள் எதிரி எல்லைக்கு வந்தான். தோட்டா உள்ளே போகவில்லை. சிப்பாய்தான் தலைதெறிக்க ஓடிவந்தான். அதிகாரிகள் ஒன்பது தடவை கூடிப் பேசி, இந்த ரகமே சரியில்லை, புதிய ரகம் வாங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள்.

குளவி கூட்டிலிருந்து தலையை நீட்டியது. "அண்ணே, உங்களைக் காயலான் கடைக்குப் போடப் போறாங்களாமே. என் பிள்ளைங்க கதி?"

"ஒரே ஒருத்தன் குச்சியில துணியைச் சுத்தி உள்ளே விட்டிருந்தா எனக்கு ஏன் இந்த நிலைமை?" என்றது துப்பாக்கி.

"வாயைக் கழுவுங்க அண்ணே," என்று குளவி பதறியது.

புதிய துப்பாக்கிகள் வந்து இறங்கின. கூடவே, குழலைத் துடைக்க நீளமான குச்சிகளும் வந்தன. அவற்றைப் பார்த்ததும் குளவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆயுத பூஜை நடந்தது. துப்பாக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. குச்சிகளுக்கும் ஒரு பொட்டு வைத்து, பத்திரமாகப் பெட்டிக்குள் அடுக்கிப் பூட்டினார்கள்.

குளவி ஈரமண் எடுக்கப் பறந்தது.

"வரேன் அண்ணே," என்றது போகிற போக்கில். "புது வீடு நல்ல விசாலம்."