பத்து லட்சத்து ஒன்பது

அத்தான் காகிதத்தையும் பென்சிலையும் என் மடியில் வைத்தபோது, நான் ஏற்கெனவே அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தேன்.

வயிற்றில் சின்னப் புண், பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அந்தப் பொய்.

டாக்டர் வராந்தாவில் சொன்னது வேறு. கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் காதுக்கு அது போகவே கூடாது, நீயே ஏதாவது சொல்லிச் சமாளி என்றாள். குடும்பத்தில் அந்த வேலைக்கு நான்தான் ஆள். ரேடியோவை விழுங்கிய முதலையின் வயிற்றில் காதை வைத்து நான் செய்தி கேட்டதை இன்றைக்கும் நம்புகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். மறுத்துச் சொல்ல முதலை உயிரோடு இல்லை.

காகிதத்தில் 10,00,009 என்று எழுதியிருந்தது.

"இது பகா எண் மாப்ளே. ஒண்ணையும் தன்னையும் விட்டா எதுக்கும் மசியாது. இருநூத்தி எண்பத்து மூணு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். இப்பக் கை நடுங்குது. அடுத்தது இருநூத்தித் தொண்ணூத்து மூணு. நீ போடு."

அத்தான் முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியார். நான் பஸ் கண்டக்டர். எனக்கும் கணக்கு வரும்.

போட்டேன். கடைசியில் 879 வந்து நின்றது. மூன்று தடவை 293-உம் அதேதான்.

மீதி பூஜ்யம்.

அத்தான் தலையணையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகப்போகிற மனிதரிடமிருந்து அவருடைய எண்ணையும் பிடுங்குவதா? பூஜ்யத்தின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

"வகுபடலை அத்தான். நாலு மிச்சம்."

சொல்லிவிட்டுக் காகிதத்தையே பார்த்தேன். முதலைக் கதைக்குக்கூட நான் யார் கண்ணையும் தவிர்த்ததில்லை.

அத்தான் சிரித்தார். "வகுபடும்டா. முப்பது வருஷமா எனக்குத் தெரியும். மனசு கேக்கலைன்னா நீ எங்கிட்டயும் பொய் சொல்லுவியான்னு பாத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் எத்தனை மாசம்னாரு?"

மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தானே அவற்றை மடக்கிவிட்டார்.

வெந்நீர் பிளாஸ்க்கோடு அக்கா உள்ளே வந்தாள்.

"சின்னப் புண்ணுதானாம். இவன் இப்பத்தான் விளக்கமாச் சொன்னான்," என்றார் அத்தான், இமைகூட அசையாமல்.

அக்கா என்னை நன்றியோடு பார்த்தாள்.